மலையின் மௌனம்



அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சான் யுவான் மலைத்தொடர் உள்ளது. அங்கே சில்வர்டன் ஊரைச் சூழ்ந்த மலைகளில் கூடாரமிட்டுத் தங்குவோர் அமைதியை நாடியே வருகின்றனர். பொன்னும் வெள்ளியும் அகழ்ந்த அம்மலையில் கடைசிப் பெருஞ்சுரங்கம் 1991-இல் மூடப்பட்டது. ஓசை ஓய்ந்தது, காயம் ஆறவில்லை. குடைந்த பாறையின் கந்தகக் கனிமங்கள் காற்றும் நீரும் பட்டு அமிலமாகின்றன. அவ்வமிலம் உலோகங்களைக் கரைத்து ஓடைகளில் சேர்க்கிறது. 2015 ஆகஸ்டு 5 அன்று, கைவிடப்பட்ட கோல்டு கிங் சுரங்கவாயிலில் துப்புரவுக்கான பணி நடந்தபோது அடைப்பு உடைந்தது. ஏறத்தாழ 30 லட்சம் காலன் கழிவுநீர் பாய, அனிமாஸ் ஆறு மஞ்சளாயிற்று.

இன்றும் அங்கே ஓடைக்கரையில் தங்குவோன் குடிநீரை உடன் சுமந்து செல்வதே அறிவுடைமை. குறிஞ்சியைப் பாடிய மரபில் வந்த கவிஞர்களே, மலையின் மௌனத்தைப் பாடுமுன் அதன் சுனைநீரைப் பருகலாமா என்று கேளுங்கள். அவ்வினாவும் கவிதைக்குரியதே.