சிறு கைகளின் காணிக்கை

(ஊரப்பாக்கத்தில் நடைபெற்ற கிறிஸ்துமஸ் கால ஆதரவாளர் கூடுகையில் அளிக்கப்பட்ட செய்தி)





டிசம்பர் பிறந்துவிட்டால் நம்மில் ஒருவருக்கும் ஓய்வில்லை. கேரல் பவனி, ஞாயிறு பள்ளி விழா, புதுத்துணி, பலகாரம், ஊருக்குப் போக டிக்கெட் என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்து, தெற்கே போகும் விடுமுறைக் கூட்டம் நம் ஊரப்பாக்கத்தின் வாசலுக்கே வந்துவிட்டது. நம் மருத்துவமனையும் இதற்கு விலக்கல்ல. பனிக்காலத்து இருமலும் இளைப்புமாகப் பிள்ளைகள் வருகிறார்கள். அதே நாட்களில் சபைகளிலிருந்து நீங்களும் கேக், பழம், பொம்மைகளோடு அன்பாய் வருகிறீர்கள்.

இந்த நெருக்கடியில் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிற ஒன்றைக் குறித்தே இன்று பேச விரும்புகிறோம். வாங்கிக்கொள்கிற பிள்ளைக்கும் கொடுக்க ஆசை உண்டு.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது செக்கோஸ்லோவாக்கியா நாட்டில் பிள்ளைகள் பசியால் வாடினார்கள். 1946 டிசம்பரில் உருவான யுனிசெஃப் அவர்களுக்கு உணவு கிடைக்க உதவி செய்தது. அங்கே ஒரு கிராமத்தில் ஜிட்கா சாம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி தன் நன்றியைத் தெரிவிக்க ஒரு படம் வரைந்தாள். வரையக் காகிதம் இல்லை. ஒரு கண்ணாடித் துண்டிலே தீட்டினாள். அலங்கரித்த கம்பத்தைச் சுற்றி, வெயிலில் சிறுமிகள் ஆடும் காட்சி அது. அவளுடைய ஆசிரியர் அதைப் பிராக் நகரிலிருந்த யுனிசெஃப் அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தார். 1949-ல் அந்தப் படமே யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று. பின்னாளில் அத்தகைய அட்டைகளின் விற்பனை, உலகெங்கும் பிள்ளைகளுக்கான பணிக்குப் பொருள் சேர்க்கும் வழியானது.

அந்தப் பணி நமக்கும் தூரமானதல்ல. டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் காசநோயாளருக்காக சானடோரியம் தொடங்கினார். 1948-ல் கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. 1951-ல் நாடு முழுவதும் பிள்ளைகளுக்கு பி.சி.ஜி. போடும் இயக்கம் தொடங்கியபோது, துணை நின்றவர்களில் யுனிசெஃபும் ஒன்று.

அன்பானவர்களே, அந்த ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். போரில் நொறுங்கிய நாட்டில் அவருக்கு வேலைக்கா குறைவு? ஆனாலும் ஒரு கண்ணாடித் துண்டைப் பத்திரமாக எடுத்து அனுப்ப நேரம் கண்டார். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையனைக் கூட்டத்தின் நடுவே கவனித்துச் சொன்னவன் அந்திரேயா. இத்தனை பேருக்கு இது போதுமா என்ற சந்தேகம் அவனுக்கும் இருந்தது. ஆனாலும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டான். அதுவே போதுமானதாயிற்று.

நம் குழந்தைகள் வார்டிலும் அத்தகைய பிள்ளைகள் உண்டு. மருந்து வந்த அட்டைப்பெட்டியை வெட்டி நட்சத்திரம் செய்வார்கள். பழைய காலண்டர் தாளை மடித்துப் பூ செய்வார்கள். ஒரு கையில் ஊசி குத்தியிருந்தால் தாயோ பக்கத்துக் கட்டில் பிள்ளையோ தாளைப் பிடித்துக்கொள்வதுண்டு. பார்க்க வருகிறவர்களிடம் அதை நீட்டுவார்கள். சிலர் அன்பு மிகுதியால், "உனக்கே இருக்கட்டும் கண்ணு" என்று திருப்பித் தந்துவிடுகிறார்கள். வேறு சிலர் பத்து ரூபாயைக் கையில் வைத்துவிடுகிறார்கள். இரண்டிலும் பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறோம். பல நாட்களாக மருந்து, ஊசி, உணவு என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டே கிடந்த பிள்ளை, அந்த ஒரு நிமிடம் கொடுக்கிறவனாக இருந்தான். அதை நாம் பறித்துவிடலாகாது.

ஆகவே இந்தக் கிறிஸ்துமஸுக்கு உங்களிடம் மூன்று வேண்டுகோள். கேக்கோடு வண்ணத்தாளும் பசையும் முனை மழுங்கிய கத்தரிக்கோலும் கொண்டு வாருங்கள். சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, பத்து நிமிடமாவது ஒரு பிள்ளையின் அருகே உட்காருங்கள். அவன் தருவதை இரு கைகளாலும் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுங்கள்.

உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலுமே இந்த ஊழியம் நடைபெறுகிறது. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். பண்டிகை நாளிலும் வீடு திரும்ப முடியாத பிள்ளைகளுக்காகவும், அவர்கள் அருகே கண்விழித்திருக்கும் தாய்மாருக்காகவும், இரவுப் பணியில் நிற்கும் சிஸ்டர்களுக்காகவும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.