அனுபானமும் பத்தியமும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர் அவையில் மருந்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். சித்த மருத்துவ நூல்களுள் மிகப்பல செய்யுளில் அமைந்தவை. இடைக்காடரைத் தன் சித்தராகப் போற்றும் அருணையில் அதைப் பேச இதைவிட ஏற்ற அவை ஏது?

இரு மருத்துவங்களும் ஒரே உடலை நாடி வந்த நிகழ்ச்சி இவ்வூரிலேயே உண்டு. இரமண மகரிஷியின் இடது முழங்கையருகே தோன்றிய சிறு கட்டியை 1949 பிப்ரவரியில் அறுத்து நீக்கினர். அது மீண்டும் வளர்ந்தது; புற்று என்று தெரிந்தது. அவ்வோராண்டில் நான்கு அறுவைகள், ரேடியம் சிகிச்சை, இடையில் நாட்டு வைத்தியரின் பச்சிலைக் கட்டு, ஓமியோபதி, பின்னர் ஆயுர்வேதம். கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையை மகரிஷி ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14-இல் மறைந்தார். எம்முறையும் அந்நோயை வெல்லவில்லை. அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை என்பதே நம் கவனத்துக்குரியது.

சேர்ந்து வந்தால் என்ன ஆகும்? மிளகையே பாருங்கள். மருந்தை உடலுக்குள் கொண்டு செலுத்தும் துணைப்பொருளை அனுபானம் என்றனர் நம் வைத்தியர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகு அவ்வகையில் பெரிதும் பயன்பட்டது. ஜம்முவிலுள்ள அரசு ஆய்வுக்கூடத்தார் மிளகின் காரப்பொருளாகிய பைப்பரினைக் காசநோய் மருந்தோடு சேர்த்து ஆராய்ந்தனர். ரிஃபாம்பிசின் 450 மில்லிகிராம் கொடுக்க வேண்டிய இடத்தில் 200 மில்லிகிராமே போதும் என்ற அளவுக்கு அது துணைநின்றது. அம்மாத்திரை விற்பனைக்கும் வந்தது.

ஆயினும் ஏற்றிவிடும் பொருள் எதையும் ஏற்றும். வலிப்பு நோய்க்கான ஃபினைட்டாயினின் அளவையும் பைப்பரின் இரத்தத்தில் உயர்த்தும். சிறுகுறிஞ்சான் பொடியும் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உண்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். சிறுநீர் பிரிய மாத்திரை உண்பவர்களுள் பலருக்கு இது இரட்டை இழப்பு. (கவியரங்கம் ஏறுமுன் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்ளும் நண்பர்கள் அஞ்ச வேண்டா, நாள்தோறும் கஷாயமாகப் பருகுவோரையே சொல்கிறேன்.)

எதனோடு எது கூடாது என்று வகுப்பதுதானே பத்தியம்? பழைய பத்தியத்தில் புளியும் கத்தரிக்காயும் இருந்தன, மாத்திரை இல்லை. அதை இன்று நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். டாக்டர் கோபிப்பார் என்று கஷாயத்தை மறைக்கிறோம். வைத்தியர் வருந்துவார் என்று மாத்திரையை மறைக்கிறோம். இருவரிடமும் இரண்டையும் ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். அறுவைக்குச் செல்பவர் பூண்டு லேகியத்தையும் சொல்லட்டும். பூண்டு குருதி உறைவதைத் தாமதப்படுத்தும்.