எந்த அரபியைக் கத்துக்கிறது?

"அரபி கத்துக்கலாம்னு இருக்கேன், எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?"னு நிறைய பேர் கேக்குறீங்க. நான் பதிலுக்கு ஒண்ணு கேக்குறேன். யார்கூடப் பேசப் போறீங்க?

"உனக்கு என்ன வேணும்?" இந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்குவோம். பாடப்புத்தகத்தில் இது "மாதா துரீத்". ஆனா கெய்ரோ டீக்கடையில் "ஆவிஸ் ஏ". பெய்ரூத்தில், டமாஸ்கஸில் "ஷூ பித்தக்". பாக்தாத்தில் "ஷ்த்ரீத்". குவைத்தில் "ஷ்தபி". மொராக்கோவில் "ஷ்னு ப்கீத்தி". பாக்தாத்தைத் தவிர எங்கேயாவது பாடப்புத்தகச் சாயல் தெரியுதா? இன்னொரு வேடிக்கை, குவைத்துக்காரர் சொல்ற "தபி"யும் மொராக்கோக்காரர் சொல்ற "ப்கீத்தி"யும் ஒரே வேர்ச்சொல்தான். அரபு உலகத்தோட ரெண்டு ஓரத்துல இருக்கிற ஊர்கள்!

பாடப்புத்தக அரபிக்கு ஃபுஸ்ஹான்னு பேரு. செய்தி, புத்தகம், அரசு ஆவணம், மேடைப்பேச்சு எல்லாம் அதில்தான். ஆனா அது யாருக்கும் தாய்மொழி கிடையாது. குழந்தை வீட்ல பேசுறது அந்தந்த ஊர் வழக்கு, ஃபுஸ்ஹாவை முறையாப் படிக்கிறது பள்ளிக்கூடத்துல. நியூஸ் வாசிக்கிற தமிழ்ல அம்மாகிட்ட காபி கேட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரிதான். இப்படி ஒரே மொழி ரெண்டு அடுக்கா வாழுறதைப் பத்தி சார்லஸ் ஃபெர்குசன் 1959ல் எழுதின புகழ்பெற்ற கட்டுரையிலும் அரபி ஒரு முக்கிய உதாரணம்.

உச்சரிப்பும் ஊருக்கு ஊர் மாறும். இதயத்துக்கு ஃபுஸ்ஹாவில் "கல்ப்", அடித்தொண்டையிலிருந்து வர்ற ஒரு 'க'. கெய்ரோவிலும் பெய்ரூத்திலும் அந்தக் 'க'வை முழுங்கிட்டு "அல்ப்"னு சொல்லுவாங்க. கெய்ரோவில் 'ஜ'வும் 'க' ஆயிடும். அதனாலதான் எகிப்து அதிபரா இருந்தவர் நமக்கு ஜமாலா இல்லாம கமால் அப்துல் நாசரா வந்து சேர்ந்தார்.

சரி, இவங்க எல்லாரும் சந்திச்சா யாரை யாருக்குப் புரியும்? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. மொராக்கோக்காரருக்கு எகிப்து அரபி பெரும்பாலும் புரியும். எகிப்துக்காரருக்கு மொராக்கோவின் தாரிஜா புரியாம முழிப்பார். காரணம் சினிமா. கெய்ரோ படங்களும், உம் குல்சூம் பாட்டும், 1953ல் ஆரம்பிச்ச 'அரபுகளின் குரல்' வானொலியும் எகிப்துப் பேச்சை ஊர் ஊராக் கொண்டு போச்சு. தாரிஜாவில் அமாசிக், பிரெஞ்சு, ஸ்பானிஷ் சொற்கள் நிறைய. வாரத்துக்கே "சிமானா", அது ஸ்பானிஷ். ஆனா தூரம் மட்டும் காரணம்னு நான் நம்பலை. மலையாளிக்குத் தமிழ் புரியுற அளவு நமக்கு மலையாளம் புரியுதா? யார் படத்தை யார் பார்த்தாங்கங்கறதுதான் கணக்கு. 2008ல் ஒரு துருக்கி சீரியலை 'நூர்'னு சிரியப் பேச்சில் டப் பண்ணிப் போட்டாங்க, வீடு வீடா ஹிட். சிரியப் பேச்சும் கூடவே வீடுகளுக்குள்ள வந்துடுச்சு. டிஸ்னி பழைய படங்களை எகிப்து அரபியில் டப் பண்ணிட்டு, 'ஃப்ரோசன்' படத்தை ஃபுஸ்ஹாவுக்கு மாத்தினப்போ சண்டையே நடந்தது. எல்சா செய்தி வாசிக்கிற மாதிரி பாடினா எந்தக் குழந்தை கூடப் பாடும்? நான் எகிப்து பக்கம்தான்.

இப்போ வளைகுடாவுக்கு வேலைக்குப் போறவங்களுக்கு. துபாய் கடைத்தெருவில் அரபியைவிட இந்தியும் மலையாளமும்தான் அதிகம் கைகொடுக்கும், அது வேற கதை. அங்கே முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவுல ஒரு உடைஞ்ச அரபி ஓடும். "மாஃபி மாலூம்"னா தெரியாது. "மாஃபி முஷ்கில்"னா பிரச்சினை இல்லை. மொழியியலாளர்கள் இதை வளைகுடா பிட்ஜின்னு தனியாவே ஆராயுறாங்க. பத்து வருஷம் இதை வெச்சே ஓட்டிடலாம். சிக்கல் காகிதத்துல வரும். அமீரகத்தில் வேலை ஒப்பந்தத்தின் அரபிப் பிரதியும் வேற மொழிப் பிரதியும் முரண்பட்டா, செல்லுறது அரபிப் பிரதி. அது எழுதப்பட்டிருக்கிறது ஃபுஸ்ஹாவில். பேசத் தெரிஞ்ச அரபியில் ஒரு வரி அதுல இருக்காது.

அதனால என் யோசனை இது. மனுஷங்ககூடப் பழகணும்னா அந்த ஊர் வழக்கைப் பிடிங்க. எந்த ஊர்னு முடிவாகலைன்னா எகிப்து. வளைகுடாவுக்குன்னா முதல்ல அந்த 28 எழுத்தையும், அதுக்கும் முன்னாடி எண்களையும் கத்துக்கோங்க. அங்கே புழங்குற எண்கள் நாம போடுற மாதிரி இருக்காது. அவங்க 5 நம்ம பூஜ்யம் மாதிரி வட்டமா இருக்கும், பூஜ்யம் வெறும் புள்ளி, 6 பார்த்தா நம்ம 7 மாதிரி. எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண் இடமிருந்து வலம்தான். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி சம்பளம் எழுதியிருக்கிற கட்டத்தையாவது நீங்களே படிச்சிடலாம்.