எடையும் தடையும்

வரவேற்புரையில் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதியை நானே கழித்துக்கொள்கிறேன்.

ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் சி கிருமி இருக்கிறது. உடல் எடையும் கூடுதல். அவருக்கு எப்போது மருந்து தொடங்குவது, எப்படிக் கொடுப்பது, கொடுத்து முடித்தபின் என்ன செய்வது? இந்த இரண்டு நாள் கருத்தரங்கில் நாம் பேசப்போவது இதைத்தான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுப்பவர்களுக்கு நாளை மாலை வரை அவகாசம் இருக்கிறது. மருந்தைத் தொடங்குவதற்கு எடை ஒரு நிபந்தனையாக இருக்கக் கூடாது. மருந்து முடிந்தபின் எடையை மறந்துவிடவும் கூடாது. ஆனால் பல புறநோயாளிப் பிரிவுகளில் இதற்குத் தலைகீழாக நடப்பதைப் பார்க்கிறேன். "பத்து கிலோ குறைச்சுட்டு வாங்க, பாக்கலாம்" என்று தொடக்கத்தில் ஒருமுறை திருப்பி அனுப்புகிறோம். "நெகட்டிவ் ஆயிடுச்சு, இனிமே வர வேண்டாம்" என்று முடிவில் ஒருமுறை அனுப்பிவைக்கிறோம்.

இந்தப் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. இண்டர்ஃபெரான் காலத்து ஆட்களுக்கு அது தெரியும். 1986-இல், கிருமி இன்னதென்றே தெரியாத நாளில், அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கைரான் நிறுவனத்தில் மைக்கேல் ஹௌட்டனும் அவருடைய குழுவினரும் கிருமியை அடையாளம் கண்டது 1989-இல்தான். 1998-இல் ரிபாவிரின் கூட்டுச் சேர்ந்தது. 2001-ஐ ஒட்டி வாரத்துக்கு ஒன்றாகப் போடும் பெக்இண்டர்ஃபெரான் ஊசி வந்தது. முதல் மரபணு வகைக் கிருமி என்றால் 48 வாரம், 48 ஊசி, தினமும் ரிபாவிரின். காய்ச்சல், முடி உதிர்தல், இரத்தசோகை, தைராய்டு கோளாறு. சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை போகும் மனச்சோர்வு. இவ்வளவும் பட்டுத் தேறியபின் குணமானவர்கள் பாதிப்பேர்கூட இல்லை.

அந்தப் பாதியிலும் பருமனானவர்களின் பங்கு குறைவு. 2003-இல் டொராண்டோவிலிருந்து வந்த ஆய்வு, பிஎம்ஐ 30-ஐத் தாண்டியவர்களுக்குக் குணமாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 80% குறைவு என்றது. 2005-இல் செவில் நகரத்து ரொமேரோ கோமஸ் குழுவினர் முதல் மரபணு வகைக்காரர்களை இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துப் பார்த்தார்கள். இல்லாதவர்களில் 100-க்கு 60 பேர் குணமானார்கள். உள்ளவர்களில் 33 பேர். காரணமாக இரண்டு சொல்லப்பட்டன. தோலடிக் கொழுப்பில் போட்ட ஊசி மருந்து பெரிய உடம்பில் போதுமான அளவு சேரவில்லை என்பது ஒன்று. வீக்கமும் இன்சுலின் எதிர்ப்பும் கொண்ட கல்லீரலில், இண்டர்ஃபெரானின் கட்டளை செல்லுக்குள் போகும் வழியே அடைபட்டுவிடுகிறது என்பது மற்றொன்று. முதலாவது மட்டும் உண்மையென்றால் அளவைக் கூட்டினால் சரியாகிவிட வேண்டும். கூட்டியும் பார்த்தார்கள். 85 கிலோவுக்கு மேற்பட்ட, கிருமி அளவும் அதிகமுள்ள நோயாளிகளுக்கு முதல் 12 வாரம் பெக்இண்டர்ஃபெரானை இரட்டிப்பாக்கினார்கள். 2010-இல் முடிவு வந்தது: சொல்லும்படியான பலன் இல்லை. தடை உடம்பின் உள்ளேயே இருந்தது.

இந்தப் பின்னணியில், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் எலிசபெத் பவல் குழுவினர் 2002-இல் வெளியிட்ட சிறு ஆய்வு பலருக்கும் வழிகாட்டியது. கல்லீரலில் கொழுப்பும் ஹெபடைட்டிஸ் சி-யும் உள்ளவர்களை மூன்று மாதம் எடை குறைக்க வைத்தார்கள். சராசரியாகக் குறைந்தது ஆறு கிலோவுக்குள்தான். அதற்கே கல்லீரல் கொழுப்பு குறைந்தது, நொதிகளும் இறங்கின. ஆகவே ஓராண்டுத் துன்பத்தில் இறங்குமுன் கொஞ்சம் எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அன்று சொன்ன மருத்துவர் அக்கறையோடுதான் சொன்னார்.

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் வந்தது. அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84 மாத்திரை, 84,000 டாலர். அந்த விலை பெரும் அவமானம் என்று பேச வேண்டிய மேடை வேறு. 2014 செப்டம்பரில் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்து, விலை இறங்கி, மாத்திரை நம் கைக்கு வந்தது. அதோடு வெல்பாடாஸ்விர் சேர்ந்தபின், எந்த மரபணு வகை என்று பார்க்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் போயிற்று. இந்த மருந்துகள் கிருமியின் நகலெடுக்கும் வேலையை நேரடியாக நிறுத்துகின்றன. உடம்பின் இண்டர்ஃபெரான் வழி திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்பது அவற்றுக்குப் பொருட்டே இல்லை. 50 கிலோக்காரருக்கும் 120 கிலோக்காரருக்கும் அதே 400 மில்லிகிராம் சோஃபோஸ்புவிர், அதே 100 மில்லிகிராம் வெல்பாடாஸ்விர். இருவரிலும் குணமாவோர் 100-க்கு 95-ஐ ஒட்டி. காரணம் போய்விட்டது, அறிவுரை மட்டும் போகவில்லை.

சும்மா நிற்கும் அறிவுரையால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஒன்று, எடை குறையக் காத்திருக்கும் மாதங்களில் கிருமியும் கொழுப்பும் சேர்ந்து கல்லீரலில் தழும்பு போடுகின்றன. இரண்டு, குறைக்க முடியாதவர் திரும்பி வருவதில்லை. எடை எந்திரத்தில் ஏறி நின்று, போன மாத எண்ணே வந்தால் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம். இரத்தம் ஏற்றியதிலோ டயாலிசிஸ் நாற்காலியிலோ தொற்றிய நோய்க்காக ஏற்கெனவே ஊர் அவரை ஒரு மாதிரி பார்க்கிறது. எடைக்கும் சேர்த்து நாமும் ஒரு குற்றப்பத்திரிகை வாசிக்கிறோம். அவர் வீட்டிலேயே இருந்துவிட்டு, யாரோ சொன்ன கீழாநெல்லியை அரைத்துக் குடிக்கிறார்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது மூன்றாவது. ஹெபடைட்டிஸ் சி கொழுப்போடு கூட்டு வைத்திருக்கும் கிருமி. செல்லுக்குள் கொழுப்புத் துளிகளின் மேல்தான் தன் உடலைக் கட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் கொழுப்புப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு திரிகிறது. இன்சுலினுக்கு உடல் கட்டுப்படுவதையும் குலைக்கிறது. இந்தியாவில் அதிகம் காணும் மூன்றாம் மரபணு வகையோ, ஒருவர் ஒல்லியாக இருந்தாலும் கல்லீரலில் தானே கொழுப்பைச் சேர்க்கும். அப்படியானால் ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்த ஒருவரிடம், அதில் கிருமி செய்தது எவ்வளவு, சோறும் நாற்காலியும் செய்தது எவ்வளவு என்று பார்த்த மாத்திரத்தில் யாரால் சொல்ல முடியும்? கிருமியை அழித்தால் அது சேர்த்த கொழுப்பு வடிகிறது. அதன் பிறகும் மிஞ்சி நிற்பதுதான் எடையின் கணக்கு. முதலில் மருந்து என்பது சிகிச்சை மட்டுமல்ல, நோயறியும் வழியும்கூட. கிருமி செய்த வேலையையும் சேர்த்து நோயாளியின் தலையில் கட்டி, அதைச் சரிசெய்தால்தான் மருந்து என்பது நியாயமா?

மருந்து கொடுக்கும் மூன்று மாதத்தில் எடையே கணக்கில் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கிலோவைவிட, பருமனானவரின் கைப்பையில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகளைத்தான் பார்க்க வேண்டும் என்கிறேன். நெஞ்செரிச்சலுக்குப் பாண்டோபிரசோல், ஓமெபிரசோல் சாப்பிடுபவர்கள் பருமனானவர்களில் ஏராளம். நம் ஊரில் அதை மருந்தென்றே கணக்கிடுவதில்லை. "கேஸ் மாத்திரை சார், அது எப்பவும் போடுறதுதான்" என்பார்கள். கேட்டால்தான் சொல்வார்கள். வெல்பாடாஸ்விர் உறிஞ்சப்பட வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கினால் மருந்து இரத்தத்தில் சேராமல் போகும். அந்த மாத்திரையை 12 வாரம் நிறுத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் ஓமெபிரசோல் 20 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். அதற்கு நான்கு மணி நேரம் முன்பே, சாப்பாட்டோடு வெல்பாடாஸ்விர் கூட்டு மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். கொலஸ்ட்ராலுக்கு ரோசுவாஸ்டாடின் என்றால் 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் எடுப்பவருக்கு சோஃபோஸ்புவிர் கொடுத்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். கிருமி குறையக் குறைய இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். நேற்று வரை சரியாக இருந்த இன்சுலின் அளவு இன்று அதிகமாகி, சுகர் இறங்கி மயங்கி விழுந்தவரைப் பார்த்து மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று உறவினர்கள் சொல்வார்கள். மருந்து வேலை செய்ததுதான் அங்கே காரணம்.

ரிபாவிரின் இன்னும் முழுதாக ஓய்வு பெறவில்லை. நிலைகுலைந்த சிரோசிஸில் அது தேவைப்படுகிறது. அதன் அளவு 75 கிலோவுக்குக் கீழே 1,000 மில்லிகிராம், மேலே 1,200. வயிற்றில் எட்டு லிட்டர் நீர் கோத்திருப்பவரை எந்திரத்தில் ஏற்றி அந்த எண்ணை அப்படியே மருந்துச் சீட்டில் எழுதுவது சரியல்ல. ரிபாவிரின் சிவப்பணுக்களைச் சிதைப்பதால் ஹெச்பிஏ1சி பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதையும் சர்க்கரை மருத்துவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

தழும்பை அளப்பதிலும் சிக்கல் உண்டு. ஃபைப்ரோஸ்கேனின் வழக்கமான முனை, தோலுக்கும் கல்லீரலுக்கும் இடையே இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் திணறும். பெரிய முனை வேண்டும். அது இல்லாத இடத்தில், பிளேட்லெட்டும் நொதியும் வைத்துப் போடும் கணக்கே போதும். நம்மவர்களுக்கு பிஎம்ஐ 23-இலேயே கூடுதல் எடை, 25-இல் பருமன் என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டுகிறேன். 165 சென்டிமீட்டர் உயரமும் 70 கிலோவும் உள்ளவர் நம் கணக்கில் பருமனானவர்தான். ஆனால் தெருவில் யாரும் அவரை அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எடையை நிபந்தனையாக்காமல் மருந்து கொடுப்பதை நாடு தழுவிச் செய்து காட்டியது எகிப்து. 1950-களிலிருந்து 80-களின் தொடக்கம் வரை, நத்தை வழி வரும் சிஸ்டோசோமியாசிஸ் நோயை ஒழிக்க ஊர் ஊராக டார்ட்டர் எமெடிக் மருந்தை இரத்தக்குழாயில் ஏற்றினார்கள். ஒரே ஊசி பலருக்கும் போயிற்று. அரசு நடத்திய நல்ல காரியம் ஒரு தலைமுறைக்கே கிருமியைக் கொடுத்துவிட்டது. 2008-இல் 15 முதல் 59 வயதுள்ளோரில் 14.7% பேரிடம் அதன் தடயம் இருந்தது. 2018 அக்டோபரில் தொடங்கிய '10 கோடி நலம்' இயக்கத்தில் ஏழு மாதத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேரைச் சோதித்தார்கள். நான் வலியுறுத்துவது அடுத்த விவரத்தை: கிருமிக்காக விரலில் குத்திய அதே இடத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், உயரம், எடை எல்லாவற்றையும் பார்த்தார்கள். வயதுவந்தோரில் ஐந்தில் இருவர் பருமன், பெண்களில் பாதிப்பேர். அந்த எண்ணைப் பார்த்து யாருக்கும் மருந்தை நிறுத்தவில்லை. எளிதில் குணமாவோர், கடினமானோர் என்று அவர்கள் பிரித்த கோடு பிலிருபின், ஆல்புமின், பிளேட்லெட், முந்தைய சிகிச்சை ஆகியவற்றின்மேல் போட்டது, எடையின்மேல் அல்ல. 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அந்நாட்டுக்குத் 'தங்க நிலை' அளித்தது.

நம் நாட்டில் பஞ்சாப் 2016-இல் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இலவச மருந்து கொடுத்து, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாக்கியது. 2018 ஜூலை 28-இல் தேசியத் திட்டம் வந்தது. மருந்து கொடுப்பதில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. என் குறை 84-ஆவது மாத்திரைக்குப் பிறகு தொடங்குகிறது.

மருந்து நிறுத்தி 12 வாரம் கழித்துக் கிருமி இல்லை என்றால் குணம். அதன்பின் பசி திரும்பும். பலருக்கு எடை ஏறும். கிருமி அமுக்கி வைத்திருந்த கெட்ட கொலஸ்ட்ரால் மேலே வரும். நொதி இன்னும் இறங்கவில்லையென்றால் கிருமி திரும்பியதாக எண்ணி நோயாளி பதறுவார். பெரும்பாலும் அது கொழுப்புக் கல்லீரல். ஏற்கெனவே சிரோசிஸ் உள்ளவருக்கு, கிருமி போனபின்னும் புற்றுநோய் அபாயம் போவதில்லை. சர்க்கரையும் பருமனும் சேர்ந்தால் கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் கட்டாயம். தடித்த வயிற்றில் ஸ்கேன் பார்வை மங்கும் என்பதால், 'சரியாகத் தெரியவில்லை' என்று அறிக்கையில் எழுதும் நேர்மையும் கட்டாயம். குணமான இவரிடம் எடையைப் பற்றிப் பேசுங்கள். இப்போது அவர் கேட்பார். நாம் சொன்ன மாத்திரை வேலை செய்ததை அவர் பார்த்துவிட்டார். 2021 முதல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகிறார்கள். குணமானவரின் பெயரை அந்தப் பட்டியலோடு இணைக்க என்ன தடை என்று நாளைய அமர்வில் அதிகாரிகள் சொல்ல வேண்டும்.

இங்கே கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். எத்தனை பேர் குணமானார்கள் என்ற அட்டவணையோடு நிறுத்தாதீர்கள். தொடக்க எடை, ஓராண்டு கழித்த எடை, எடையைக் காரணம் காட்டி மருந்து தள்ளிப்போடப்பட்டவர் எத்தனை பேர் என்ற மூன்றையும் உங்கள் கோப்புகளிலிருந்து எடுத்துச் சொல்லுங்கள். மூன்றாவது எண் கோப்பில் இல்லை என்றால், அதையும் சொல்லுங்கள்.

முதல் அமர்வைத் தொடங்குபவர் ஒரு மருந்தாளுநர். நிகழ்ச்சி நிரலின் முதல் வரைவில் மருத்துவர்கள் எல்லோரும் பேசி முடித்தபின் அவர் பெயர் இருந்தது. நான்தான் மாற்றச் சொன்னேன். கேஸ் மாத்திரையைப் பற்றி அவர் பேசட்டும். மேடைக்கு அழைக்கிறேன்.