புகையில்லாமல் பொங்கல் வைக்கலாம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன பொங்கலன்று நம் வளாகத்தில் ஆறு விறகடுப்பு மூட்டினோம். பால் பொங்கியது, குழந்தைகள் குலவையிட்டார்கள், எல்லாம் சரி. ஆனால் முதல் இரண்டு மாடி வீடுகளுக்குள் புகை புகுந்துவிட்டது. ஆஸ்துமா உள்ள ஒரு பெரியவர் காலை முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். அதனால்தான் இந்த ஆண்டு கேஸ் அடுப்பு போதும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. விறகில் வைத்தால்தான் பொங்கல் என்கிறது இன்னொரு தரப்பு. விறகடுப்பு ஏன் புகைகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். முடிவை நீங்கள் எடுங்கள்.

விறகு சூடேறியதும் அதிலிருந்து ஒரு வாயு கிளம்புகிறது. அந்த வாயு பற்றி எரிவதைத்தான் தீக்கொழுந்தாகப் பார்க்கிறோம். எரியாமல் தப்பும் வாயு, கரித்துகள், நீராவி எல்லாம் சேர்ந்ததுதான் புகை. ஆகவே புகை வந்தால், தீக்குச் சூடு போதவில்லை அல்லது காற்று போதவில்லை என்று அர்த்தம். நாமோ புகையைப் பார்த்ததும் இன்னொரு கட்டையைச் செருகுகிறோம். அது இருக்கிற காற்றையும் அடைக்கிறது.

எது குறை என்று கண்டுபிடிக்க ஊதுகுழல் போதும். ஊதியதும் கொழுந்து எழும்பி, நிறுத்தியதும் மறுபடி புகைந்தால் காற்றுதான் குறை. எவ்வளவு ஊதியும் நுனியில் நுரை தள்ளிச் சீறிக்கொண்டே இருந்தால் விறகு ஈரம்.

ஈர விறகுக்கு அன்று காலையில் வைத்தியம் கிடையாது. மண்ணெண்ணெய் ஊற்றினால் எண்ணெய் எரியும், விறகு எரியாது, ஊற்றுகிறவருக்கும் ஆபத்து. நம் மாவட்டத்தில் மரக்காணம் பக்கம் சவுக்குத் தோப்புகள் நிறைய. சவுக்கு நன்றாக எரியும், ஆனால் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் வாங்க வேண்டாம். மார்கழி மழையில் நனையாமல் முன்கூட்டியே வாங்கி, கூரைக்கடியில் காற்றுப்பட அடுக்கி வைக்க வேண்டும்.

காற்றுதான் குறை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் அடுப்பு வாய். பாதி வாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும். பெருங்கட்டை ஒன்றைவிட, மணிக்கட்டுப் பருமனில் பிளந்த மூன்று துண்டுகள் நன்றாக எரியும். அடுத்து அடிப்பக்கம். சாம்பலும் கரியும் சேர்ந்தால் கீழிருந்து காற்று வராது. செங்கல் மேல் இரும்புக் கம்பித் தட்டு ஒன்றை வைத்து அதன் மேல் விறகை அடுக்கினால் அந்தத் தொல்லை பாதி தீரும். மூன்றாவது பானை. பானை அடுப்போடு ஒட்டி உட்கார்ந்தால் சூடான காற்று வெளியேற வழியில்லை. வெளியே போகாவிட்டால் உள்ளே புதுக்காற்று வராது. நம் மண் அடுப்புகளில் மூன்று குமிழ் வைத்தது இதற்காகத்தான். செங்கல் அடுப்பிலும் பானைக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

இடமும் முக்கியம். தை மாதத்தில் வடகிழக்கிலிருந்துதான் பெரும்பாலும் காற்று வரும். எனவே வளாகத்தின் தென்மேற்கு மூலை நல்லது. ஆனால் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. சுவரோரம் காற்று சுழன்று புகையை ஜன்னலுக்கே திருப்பிவிடும்.

அடுப்புப் புகையை நம் நாட்டு அறிவியலாளர்கள் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்து, 1953-இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1980-களில் ‘அஸ்திரா ஒலே’ என்ற மூன்று பாத்திர அடுப்பை உருவாக்கியது. புகைபோக்கிக்குள் சூடான காற்று மேலேறும்போது, அடுப்பு வாய் வழியாகப் புதுக்காற்றை இழுக்கிறது.

மொட்டை மாடியில் பார்பிக்யூ ஸ்மோக்கர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். பக்கத்துப் பெட்டியில் நெருப்பு, நடுப் பீப்பாயில் இறைச்சி, மறுமுனையில் புகைபோக்கி. புகை நிற்கட்டும் என்று புகைபோக்கியை மூடினால் தீ மூச்சுத் திணறும், கறி கசக்கும், மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். புகைபோக்கி முழுக்கத் திறந்தே இருக்கட்டும். சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் சிறிய தீயாக வைத்து, அடிக்கடி சிறு துண்டாகப் போடுங்கள். டெக்சாஸில் இறைச்சி சுட எரிக்கும் மெஸ்கீட், நம் சீமைக்கருவேலத்துக்கு உறவு மரம்தான். அதுவும் காய்ந்திருந்தால்தான் ருசி. புகைபோக்கியில் மெல்லிய நீலப் புகை வந்தால் தீ சரியாக இருக்கிறது. கெட்டியான வெள்ளைப் புகை வந்தால் இறைச்சியை இன்னும் உள்ளே வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கரி நெருப்பில் புகை தெரியாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஊட்டி, கொடைக்கானலில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்திகளைப் படித்திருக்கிறோம். கண்ணாடி அடைத்த பால்கனியும் அறைதான். அங்கே கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்.

என் யோசனை இதுதான். ஆறு அடுப்புக்குப் பதில் இரண்டே அடுப்பு, தென்மேற்கு மூலையில், ஷாமியானாவுக்கும் வண்டிகளுக்கும் தள்ளி. பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். மூட்டிப் பத்து நிமிடத்தில் புகை அடங்காவிட்டால் பேச்சுக்கு இடமில்லாமல் அணைத்துவிட்டு கேஸுக்கு மாறிவிட வேண்டும். போகிக்கு முந்தின ஞாயிறன்று ஒரு அடுப்பை மூட்டிப் பார்ப்போம். அந்தப் பெரியவர் வீட்டு ஜன்னலோரம் ஒருவர் நின்று பார்க்கட்டும். அங்கே புகை வரவில்லை என்று அந்த வீட்டார் சொன்னால் விறகு, இல்லையென்றால் கேஸ்.