இடுப்பு வலி எல்லாம் சுளுக்கு அல்ல
(மல்லசமுத்திரம் உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



பருத்திக் காட்டிலும் தறியிலும் நிற்கிற நமக்கு இடுப்பு வலி புதுசு இல்லை. தைலம் தேய்ப்போம், சுளுக்கு வழிப்போம், ஒரு ஊசி போட்டுக்கிட்டு மறுநாள் வேலைக்குப் போயிடுவோம். ஆனால் இருதய வால்வு மாற்றியவர்கள், துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள், காலில் ரத்தம் கட்டியவர்கள் வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரை சாப்பிடுவார்கள். அவர்களுக்கு இந்தக் கை வைத்தியம் ஆகாது.

ரத்தத்தைத் தண்ணியாக்கும் மாத்திரை என்கிறோம். உண்மையில் தண்ணியாவதில்லை, உறைய நேரமாகிறது, அவ்வளவுதான். 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூசணம் பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அதை ஆராய்ந்துபோய்த்தான் வார்ஃபரின் வந்தது. 1948இல் எலி மருந்து, 1954இல் மனிதருக்கு மருந்து! மாடு வளர்க்கிற நமக்கு இது புரியும். அளவு மீறினால் எங்கேயும் ரத்தம் கசியலாம். அளவு சரியாக இருக்கும்போதும் சிலருக்குக் கசிவதுண்டு.

அபூர்வமாக அது முதுகுத்தண்டுக்குள் நடக்கிறது. அடியே படாமலும் நடக்கும். அங்கே இடம் குறுகல். தேங்கிய ரத்தம் நரம்பை நெரிக்கும். கழுத்திலோ முதுகிலோ திடீரென்று கடுமையான வலி வரும், கரண்ட் பாய்ந்த மாதிரி கைக்கோ காலுக்கோ இழுக்கும். பிறகு மரத்துப்போகும், கால் துவளும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். சிலருக்கு இதெல்லாம் சில மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். கால் முழுசாகச் செயலிழக்கும் முன் ஆபரேஷன் செய்து ரத்தத்தை எடுத்தால் மீள வாய்ப்பு அதிகம். விடியட்டும் பார்க்கலாம் என்று படுத்துவிடக் கூடாது.

தேய்க்க வேண்டாம். இடுப்பில் ஊசி வேண்டாம். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கவே வேண்டாம், அது கசிவைக் கூட்டும். 108ஐக் கூப்பிட்டு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனதும் முதல் வார்த்தையாக மாத்திரை பெயரைச் சொல்லுங்கள். மருந்தின் வேகத்தை அடக்க வைட்டமின் கே, பிளாஸ்மா என்று வழிகள் இருக்கின்றன.

இதைக் கேட்டுப் பயந்துபோய் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! வால்வில் ரத்தம் கட்டினால் பக்கவாதம் வரும், உயிரே போகலாம். டாக்டர் சொன்ன தேதியில் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்யுங்கள். பலருக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். வால்வு மாற்றியவர்களில் சிலருக்குக் கொஞ்சம் கூடுதல், அதை டாக்டர்தான் சொல்வார். வேறு ஆபரேஷனுக்காக முதுகில் மயக்க ஊசி போடுவதற்கு முன்னாலும் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கூட்டமைப்பில் நாங்கள் கேட்டுக்கொள்வது, மாத்திரைச் சீட்டும் ஐ.என்.ஆர். நோட்டும் பீரோவுக்குள் இருக்க வேண்டாம். குழுப் பாஸ்புக் வைக்கிற பையிலேயே வையுங்கள், அது இருக்கிற இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.