திரும்பி வரும் பணத்தைத் தேக்கி வைப்போம்
(வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

கல்விச் சங்கத்தின் மேடையில் பணத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. அண்ணல் அம்பேத்கர் 1923-இல் இலண்டனில் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியதே. நம் பிள்ளைகளின் படிப்பு இடையில் நிற்பது அறிவுக் குறைவால் அன்று. திடீரென வந்த ஒரு நோயும், அதற்காக வாங்கிய கடனுமே அவர்களை வகுப்பிலிருந்து வெளியேற்றுகின்றன.

கடன் நம் மண்ணுக்குப் புதியதன்று. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். வாங்கிய முன்பணத்தை உடலால் உழைத்துத் தீர்க்க வேண்டும் என்பதே அம்முறையின் வேர். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஆயினும் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், கையில் காசில்லாதவர் வட்டிக்காரர் வீட்டைத்தான் தேடிச் செல்கிறார். பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால், ஓராண்டில் 12,000 ரூபாய் வட்டி கட்டிய பின்னும் முதல் அப்படியே நிற்கும்.

இன்று நம் இளைஞர்கள் பலர் ஒப்பந்தப் பணிகளில் இருக்கின்றனர். அவர்களுள் சிலருடைய ஊதியம் தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கெழுதப்பட்டு, நூற்றுக்குப் பத்து வீதம் வருமான வரி முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. மாதம் 15,000 ரூபாய் பெறுபவருக்கு ஆண்டு வருமானம் 1,80,000, பிடித்தம் 18,000. இவ்வளவு சிறிய வருமானத்திற்கு வரியே கிடையாது. ஆயினும் உரிய காலத்தில் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அப்பணம் வங்கிக் கணக்கிற்குத் திரும்பி வரும். கேளாதவருக்கு அது கிடைப்பதில்லை. பொய்க் கழிவு காட்டிப் பெருந்தொகை வாங்கித் தருவதாகக் கூறும் தரகர்களை நம்பாதீர்கள். பிடிபட்டால் வட்டியும் அபராதமும் கணக்குக்கு உரியவர் தலையில்தான் விழும்.

வந்த 18,000 ரூபாயை என் செய்வது? மூன்று பங்காக்குவோம். ஒரு பங்கு வட்டிக் கடனுக்கு. ஒரு பங்கு பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக்கும். ஒரு பங்கு ஆபத்துக் காலத்திற்கு. கடன் இருக்கையில் சேமிப்பு எதற்கு என்று கேட்கலாம். முழுவதையும் கடனுக்கே கொடுத்துவிட்டால், அடுத்த காய்ச்சல் நம்மை மீண்டும் அதே வாசலில் நிறுத்தும். ஆதலின் கடனையும் குறைப்போம், கையிருப்பையும் வைப்போம்.

அப்பங்கு அன்றாடச் செலவுக் கணக்கில் கிடந்தால் கரைந்துவிடும். 500 ரூபாயில் அஞ்சலகத்தில் தனிக் கணக்குத் தொடங்கலாம். மருத்துவம், மரணம், வேலையற்ற மழைக்காலம் ஆகியவற்றுக்கே அது உரியது. காதணி விழாவுக்கும் புதிய கைப்பேசிக்கும் உரியதன்று. எடுத்ததைத் திரும்ப நிரப்புவதும் கடமை. வரிப் பிடித்தம் இல்லாதோர் கரும்பு வெட்டுக் கூலி வரும்போதும், மரவள்ளி விற்கும்போதும் இவ்வாறே செய்யலாம்.

சேமிப்பு உரிமைக்கு மாற்று என நாம் கூறவில்லை. நியாயமான கூலி, நல்ல மருத்துவமனை, நிலம் ஆகியவற்றுக்காகப் போராடியே தீர வேண்டும். 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் தொடங்கிய நச்சுச் சாராயக் கொடுமை அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததை நாம் மறக்கவில்லை. அவ்வீடுகளில் எஞ்சிய பிள்ளைகளின் முகங்களையும் மறக்கவில்லை. இழப்புக்கு எப்பணமும் ஈடாகாது. ஆனால் போராடுபவனுக்கும் அன்றிரவு அடுப்பெரிய வேண்டும். கடன்பட்டவன் குரல் கடன் கொடுத்தவன் முன் தாழ்ந்துவிடுகிறது. கையிருப்பு உள்ளவன் நிமிர்ந்து பேசுகிறான்.

படித்த இளைஞர்களே! ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒரு வீட்டுக்கேனும் கணக்கெழுத உதவுங்கள். நாம் பெற்ற கல்விக்கு நாம் செலுத்தும் வட்டி அதுவே. வாழ்க நம் சங்கம்!